அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

என்னைக் கூப்பிட்டுக் கதிரையில இருத்திப்போட்டு, "அன்ரி, உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ, ஆனா கெதியா" எண்டு கேட்ட பிள்ளையளுக்கு முதலில வணக்கம். கெதியாச் சொல்லுறதுக்கு அனுபவம் என்ன விளம்பரமே? ரேடியோவில இருந்த காலம் முழுக்க மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கதைச்சனான். இப்ப றிரையர் பண்ணியாச்சு. இண்டைக்கு என்ர இஷ்டத்துக்குத்தான் கதைப்பன். தேத்தண்ணி வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு வந்து இருங்கோ.

மைக்குக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது, எந்தப் பட்டனை எப்ப அமத்துறது எண்டெல்லாம் நான் சொல்லப் போறதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நிகழ்ச்சி கையை விட்டுப் போகேக்க என்ன செய்யிறது எண்டுதான் சொல்லப்போறன். போகும். கட்டாயம் போகும். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராய் இருந்தாலும் ஒரு நாளைக்குப் போகும்.

முதலில ஒரு சின்னக் கதை. நான் இந்த ரேடியோவுக்கு வந்த புதுசு. லண்டன் கோலியர்ஸ் வுட்டில சீலைக் கடைக்கு மேல ரண்டு அறை, ஒரு மேசை, குளிருக்கு ஒரு ஹீற்றர், அவ்வளவுதான் ரேடியோ. ஒரு பிள்ளையின்ர பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கத் தந்தவை. அம்மா, அப்பா, அக்கா, பெரியப்பா, பெரியம்மா, மாமாமார், சுவிஸில இருக்கிற சித்தப்பா எண்டு பேர் போய்க்கொண்டே இருக்கு. நேரம் காணாதெண்டு நான் கெட்டித்தனமா சுவிஸ் சித்தப்பாவை இறக்கிப்போட்டு "மற்றும் உறவினர்கள்" எண்டு முடிச்சிட்டன். உடன சுவிஸில இருந்து போன். "நான் மற்றும் உறவினரோ?" எண்டு கேட்டார் அந்த மனுசன். அடுத்த நாள் முழு வாழ்த்தையும் திரும்ப வாசிச்சு, சித்தப்பாவின்ர பேரை எல்லாருக்கும் முன்னால போட்டுத்தான் பிரச்சினை அடங்கினது. எங்கட சனம் ரேடியோவைப் போடுறது பாட்டுக்கு மட்டுமில்லை, தங்கட ஆக்களின்ர பேரைக் கேக்கிறதுக்கும்தான். இதை மறந்து போனியளெண்டால் இந்த வேலை உங்களுக்குச் சரிவராது.

சரி, இப்ப ரட்ணம் அண்ணைக்கு வாறன். அவர் இப்ப மகளோட கனடாவில. உங்களில கனபேர் அவரைக் கண்டிருக்கமாட்டியள். என்னோட கன வருசம் வேலை செய்தவர். கிழமை நாளில பெற்றோல் செட்டில வேலை, சனி ஞாயிறில எங்களிட்டை மரண அறிவித்தல் வாசிக்கிறது. கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி ஒரு குரல். ஊர், தாய் தகப்பன், பிள்ளையள், மருமக்கள், மைத்துனர்மார் எண்டு ஒரு உறவுமுறையும் பிசகாமல் வாசிப்பார். லண்டனில அந்தக் குரலை அறியாத தமிழ் வீடு இல்லை. அதுதான் அவருக்கு வந்த வினையும். போன் எடுத்து "ஹலோ" எண்டால் போதும், அந்தப் பக்கத்தில "ஐயோ, ஆர் அண்ணை?" எண்டு அழுகை தொடங்கிடும். மகளின்ர பிறந்தநாளுக்குக் கேக் ஓடர் பண்ண எடுத்தவருக்கே இதுதான் நடந்தது.

ஆனா மனுசனுக்கு உள்ளுக்குள்ள கிடந்தது முழுக்கப் பாட்டு. இளவயதில கொழும்பில ஒரு ஹோட்டலில ரிசப்ஷனில நிண்டவர். அங்க பின்னேரங்களில பாண்ட் வாசிக்கும். அமெரிக்கப் பாட்டெல்லாம் அங்கதான் அவருக்குப் பாடம். வருசா வருசம் எங்கட பணிப்பாளரிட்டைப் போய், "தம்பி, வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஒரு பாட்டு நிகழ்ச்சி எனக்குத் தாங்கோவன்" எண்டு கேப்பார். "உங்கட குரலில பாட்டைப் போட்டால் பாட்டுக்காரன் செத்திட்டான் எண்டெல்லோ சனம் நினைக்கும் அண்ணை" எண்டு பணிப்பாளர் பகிடி விட்டு அனுப்பிடுவார். ரட்ணம் அண்ணையும் சிரிச்சுக்கொண்டு வந்து இருப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. நொந்து போய்ச் சிரிக்கிற சிரிப்பு அது.

ஒரு சனிக்கிழமை காலமை எழும்பினால் எல்லா இங்கிலிஷ் ரேடியோவிலையும் ஒரே செய்தி. அமெரிக்காவில பெரிய பாட்டுக்காரர் ஒருத்தர் காலமாகிட்டார். பேர் சொல்லமாட்டன். சொன்னால் உடன போனைத் தூக்கித் தேடிக்கொண்டிருப்பியள், என்ர கதையைக் கேக்கமாட்டியள். பாட்டு எழுதி மெட்டும் போடுறவர். அவரின்ர பாட்டைக் கேக்காமல் நீங்கள் ஒருத்தரும் இந்த லண்டனில வளர்ந்திருக்க ஏலாது. சூப்பர்மார்க்கட்டில போகும், பல்லு டொக்டரிட்டைக் காத்திருக்கேக்க போகும், எங்கட கலியாண வீடுகளில கேக் வெட்டேக்கையும் போகும்.

பணிப்பாளர் எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, பின்னேரம் அந்தாளுக்கு ஒரு மணித்தியாலம் செய்யவேணும். இங்கிலிஷ் பாட்டுச் செய்யிற தம்பி ஹொலிடேயில. எங்களில அந்தாளைப் பற்றித் தெரிஞ்சது ரட்ணம் அண்ணைக்கு மட்டும்தான். அவரையே இருத்துங்கோ. சரிவந்தால் வெள்ளிக்கிழமை அவருக்கு. சரிவராட்டி இனி என்னட்டை இந்தக் கதை கதைக்கக்கூடாது எண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ."

சொன்னன். ரட்ணம் அண்ணை டை கட்டிக்கொண்டு வந்தார். ரேடியோவுக்கு டை! ஒரு பையில சீடிகள், ஒரு தாளில தொடக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "வணக்கம் நேயர்களே, வாங்கோ, பாட்டோட கொஞ்சம் உலாவுவம்" எண்டு கலகலப்பா ஒரு தொடக்கம். ஒருக்கா வாசிச்சுப் பார்த்தம். "கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு சொல்லுங்கோ அண்ணை" எண்டன். சிரிச்சார். அது இன்னும் பயமாயிருந்தது.

அதுக்குள்ள அவருக்கு ஒரு யோசனை வந்திட்டுது. எங்களிட்டை ஒரு சட்டம் இருக்கு, உங்களுக்கும் தெரியும், செத்த வீட்டுக்காரர் ஒருத்தரின்ர குரலைக் கேக்காமல் சாவு வாசிக்கிறதில்லை. ஒருக்கா ஆரோ சொன்னதைக் கேட்டு வாசிச்சு, செத்ததெண்ட ஆளே போன் எடுத்து ஏசின கதை இருக்கு.

"தங்கச்சி, வீட்டுக்காரர் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே?"

"அண்ணை, உலகம் முழுக்கச் சொல்லுது."

"உலகம் வீட்டுக்காரரோ?"

பிறகென்ன, நியூஜேர்சியில இருக்கிற தன்ர மச்சானுக்குப் போன். அந்தாள் அரைத் தூக்கத்தில, "ஓம் அத்தான், டீவியில போகுது, ஆள் போயிட்டுது" எண்டு சொன்னாப்பிறகுதான் ரட்ணம் அண்ணை மைக்குக்கு முன்னால இருந்தார்.

சிவப்பு லைற் பத்தினது. நான் ஸ்ரூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவர் தாளைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார், முதுகை நிமித்தினார். மரண அறிவித்தலுக்குத்தான் அவர் அப்பிடி நிமிர்ந்து இருக்கிறது. கையில இருந்த தாளுக்கும் வாய்க்கும் இடையில எங்கையோ லைன் அறுந்து போச்சு. கிணத்துக் குரல் வந்தது.

"அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும், நியூயோர்க்கை வதிவிடமாகவும் கொண்ட பிரபல பாடலாசிரியர் அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற புகையிரத ஊழியர் ஒருவரின் அன்பு மகனும், முதலில் ஒருவரின் அன்புக் கணவரும், பின்னர் இன்னொருவரின் அன்புக் கணவரும், இறுதியில் மூன்றாமவரின் அன்புக் கணவரும், நான்கு பிள்ளைகளின் பாசமிகு தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். தகவல்..."

வழமையா இதில "குடும்பத்தினர்" எண்டு வரும். மனுசன் தடுமாறினார். பொய் சொல்லவும் வராது.

"தகவல், மச்சான், நியூஜேர்சி."

அப்பத்தான் அவருக்கு விளங்கினது. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில ரத்தமில்லை. வாய் திறக்குது, சத்தம் வரேல்லை.

போன் எல்லாம் ஒண்டா அடிக்கத் தொடங்கினது. முதலாவது ஈஸ்ற் ஹாமில இருந்து ஒரு மனுசி. "பிள்ளை, செத்தது எந்த ஊர் ஆக்கள்? எங்கட மருமகனின்ர பக்கமும் அமெரிக்காவில இருக்கினம்." நான் சொல்ல வாயெடுக்க முதல், குரலைத் தாழ்த்தி, "மெய்யே, மூண்டு பெண்சாதியோ?" அடுத்தவர், "உடலைப் பார்வைக்கு எங்க வைக்கினம்? பார்க்கிங் இருக்கோ?" எண்டு கேட்டார். மூண்டாவதா என்ர கைப்போனில பணிப்பாளர்.

"அக்கா, பாட்டைப் போட்டிட்டு ஆளை இறக்குங்கோ. நான் வாறன்."

பிள்ளையள், இந்த இடத்தை நல்லாக் கேளுங்கோ. பாட்டு ஆயத்தமா இருந்தது. என்ர விரல் பட்டனில. அமத்தினால் நிகழ்ச்சி தப்பும், ஒருத்தரும் என்னைக் குறை சொல்லமாட்டினம். ஆனா ரட்ணம் அண்ணை அதோட முடிஞ்சார். தன்ர குரல் சாவுக்கு மட்டும்தான் எண்டு சாகுமட்டும் நம்பிக்கொண்டு திரிவார். நான் என்னையே ஒண்டு கேட்டன். இந்தப் பிழையால இப்ப ஆருக்கு நோகுது? கேக்கிற சனத்துக்கு நோகேல்லை, அவை நல்ல உசாரா போன் எடுக்கினம். செத்த மனுசனுக்கும் நோகாது. மைக்குக்கு முன்னால இருக்கிற ஒரு ஆளுக்கு மட்டும்தான் நோகுது. அப்ப காப்பாத்தவேண்டியது நிகழ்ச்சியை இல்லை, அந்த ஆளை.

எப்பிடிக் காப்பாத்துறது? கலகலப்பாக் கதைக்க அவருக்கு வராது. அதை இனி நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிண்டு பழக்க ஏலாது. ஆனா செத்த வீட்டுக்காரரோட கதைக்கிறதில அவரை வெல்ல ஆள் இல்லை. அறிவித்தல் வாசிச்சாப்பிறகு சொந்தக்காரர் போன் எடுத்து ரேடியோவில அனுதாபம் சொல்லுறது எங்கட வழக்கம்தானே. ஹெட்போனுக்குள்ளால அவரின்ர காதுக்குள்ள சொன்னன். "அண்ணை, அனுதாபம் சொல்ல ஒருத்தர் லைனில நிக்கிறார்."

உண்மையில ஆர் நிக்கினம் எண்டு எனக்கே தெரியாது. ரெய்னர்ஸ் லேனில இருந்து ஒருத்தர் எண்டு மட்டும்தான் தெரியும். கடவுளே எண்டு லைனைத் திறந்து விட்டன்.

"வணக்கம் அண்ணை" எண்டது ஒரு ஆம்பிளைக் குரல். "அறிவித்தல் கேட்டனான். நான் சொந்தமில்லை. ஆனா ஒரு அனுதாபம் சொல்லலாமோ?"

"சொல்லுங்கோ தம்பி" எண்டார் ரட்ணம் அண்ணை. குரல் திரும்பி வந்திட்டுது.

"நான் முதல் ஜேர்மனியில அகதி ஹொஸ்ரலில இருந்தனான் அண்ணை. சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவுறது. அங்க ரேடியோவில அந்தாளின்ர ஒரு பாட்டுப் போகும். தூரத்தில வேலைக்குப் போன ஒருத்தன் வீட்டுக்குப் போன் எடுத்து, எனக்கொரு குறையுமில்லை, சந்தோசமா இருக்கிறன் எண்டு சொல்லுறான். ஆனா பொய் சொல்லுறான் எண்டு மெட்டிலையே தெரியும். எனக்கு இங்கிலிஷும் தெரியாது, ஜேர்மனும் தெரியாது. எண்டாலும் விளங்கினது. அம்மாவுக்குப் போன் எடுக்க முதல் அந்தப் பாட்டை ஒருக்காக் கேட்டிட்டுத்தான் எடுப்பன். அப்பத்தான் குரல் நடுங்காமல் இருக்கும்."

ரட்ணம் அண்ணை, "அம்மா இருக்கிறாவோ?" எண்டு கேட்டார்.

"இல்லை அண்ணை. நான் நல்லா இருந்தனான் எண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டா."

"அப்ப அந்தப் பாட்டு வேலை செய்திருக்கு தம்பி" எண்டுபோட்டு, என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் அந்தப் பாட்டைப் போட்டன். ஸ்ரூடியோவில எங்களுக்குக் கண் கலங்கினது. டையால மூக்கைத் துடைச்சார் மனுசன்.

அதுக்குப் பிறகு ஏன் கேக்கிறியள். லைனில நிக்க இடமில்லை. ஆர்ச்வேயில இருந்து ஒரு மலேசியாக்கார மனுசி. "எங்க அப்பா ஞாயித்துக்கிழமை ஆனா போதும் சார், கிட்டார எடுத்து அவர் பாட்டத்தான் வாசிப்பாரு. ரொம்ப மோசமா வாசிப்பாரு. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வந்து, தயவுசெஞ்சு வேற பாட்டாவது கத்துக்கங்கன்னு கெஞ்சுவாரு." ரட்ணம் அண்ணை சிரிச்சிட்டார். வாய்விட்டு. இத்தனை வருசத்தில அந்தச் சிரிப்பை ரேடியோவில அண்டைக்குத்தான் சனம் முதல்முதல் கேட்டது.

இடைக்கிடை தானாவே அந்த அமெரிக்காக்காரரைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனார். றெயில் பாதைக்குப் பக்கத்துச் சின்ன வீட்டில வளர்ந்தது, ரண்டாவது மனுசி விட்டிட்டுப் போன பிறகு எழுதின பாட்டு இப்ப கலியாண வீடுகளில போறது, கடைசி மனுசியோட குதிரை வளர்த்துக்கொண்டு இருந்தது எல்லாம். "அந்தாளுக்குப் பாட வராது" எண்டார். "குரல் சரியில்லை. தான் பாடினால் ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டு தெரிஞ்சு, எழுதி எழுதி மற்றவைக்குக் குடுத்தார். அதாலதான் இவ்வளவு தூரம் வந்தது." தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார் எண்டு அவருக்குத் தெரிஞ்சுதோ என்னவோ, எனக்குத் தெரிஞ்சுது.

நிகழ்ச்சி முடிஞ்சு முன்னறைக்கு வந்தால் கதவடியில பணிப்பாளர், கார்த் திறப்பு கையில. ஏசப்போறார் எண்டு நான் முந்திக்கொண்டு வாயைத் திறக்க, கையைக் காட்டி நிப்பாட்டினார்.

"காருக்குள்ள இருந்து முழுக்கக் கேட்டனான்" எண்டார். "வெள்ளிக்கிழமை உங்களுக்குத்தான் அண்ணை."

ரட்ணம் அண்ணை டையை இழுத்துக் கழட்டினார்.

"ஆனா ஒண்டு. இனி மரண அறிவித்தல் வேற ஆளிட்டைக் குடுக்கிறன். வெள்ளிக்கிழமை சிரிச்சிட்டுச் சனிக்கிழமை சாவு வாசிச்சால் சனம் ரண்டையும் நம்பாது. நீங்கள் பாட்டோட இருங்கோ."

பணிப்பாளர் சொல்லி முடிக்க முதலே ரட்ணம் அண்ணை "ஓம் தம்பி, ஓம்" எண்டிட்டார். அவ்வளவு ஆசை.

அப்ப போன் அடிச்சுது. நான் எடுத்தன். இஞ்ச பக்கத்திலதான், கோலியர்ஸ் வுட்டில இருந்து ஒரு மனுசி. "தங்கச்சி, நேத்து என்ர மனுசன் மோசம் போயிட்டார். இப்ப குசினிக்குள்ள உங்கட நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. மரண அறிவித்தல் ஒண்டு குடுக்கவேணும். அந்த அமெரிக்காக்காரருக்கு வாசிச்ச அண்ணைதான் இவருக்கும் வாசிக்கவேணும்."

அவர் இனி வாசிக்கமாட்டார் எண்டு நான் சொல்லியிருக்கவேணும். ஆனா போனை ரட்ணம் அண்ணையிட்டை நீட்டினன்.

அவர் இருந்து, பேனையை எடுத்தார். பிறப்பிடம், வதிவிடம், தாய் தகப்பன், பிள்ளையள், மருமக்கள், சகோதரங்கள். அவசரமில்லாமல் ஒவ்வொண்டாக் கேட்டு எழுதினார். ஒரு பேரும் விடேல்லை. எல்லாம் முடிஞ்சு பேனையை வைக்கப் போனவர், வைக்கேல்லை.

"தங்கச்சி" எண்டார் போனுக்குள்ள, "அவருக்கு என்ன பாட்டு விருப்பம்?"

அந்தக் கேள்வியை அவர் அதுக்கு முதல் ஒரு நாளும் கேட்டதில்லை. நாங்கள் ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போயிட்டுதோ எண்டு நான் யோசிச்சன். அவர் அசையேல்லை. கன நேரத்துக்குப் பிறகு போனுக்குள்ள இருந்து மெல்லிசா ஒரு சத்தம். அந்த மனுசி கதைக்கேல்லை, பாடுறா. விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி, சொல் மறந்த இடத்தில மெட்டை மட்டும் பிடிச்சுக்கொண்டு. ரட்ணம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கடைசிமட்டும் கேட்டார்.

பிறகு போனைக் கையால பொத்திக்கொண்டு பணிப்பாளரைப் பார்த்தார். "தம்பி, வெள்ளிக்கிழமையை அந்த இங்கிலிஷ் பாட்டுப் பெடியன் ஹொலிடேயால வந்தாப்பிறகு அவனுக்கே குடுங்கோ. நான் இதில இருக்கிறன்."

வருசக் கணக்கா ஆசைப்பட்டுக் கேட்ட மனுசன். கையில கிடைச்சுத் தேத்தண்ணி ஆறுற நேரம்கூட ஆகேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது, அதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம். பணிப்பாளர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

அடுத்த நாள் அந்த அறிவித்தலை ரட்ணம் அண்ணைதான் வாசிச்சார். முடிவில அந்தப் பாட்டும் போனது.

உங்கட கம்ப்யூட்டரில மரண அறிவித்தல் எடுக்கிற இடத்தில, உறவுமுறை எல்லாம் முடிஞ்சு கடைசியில, விரும்பின பாட்டு எண்டொரு கேள்வி இருக்கு. சில பேர் நேரம் போகுதெண்டு அதைத் தாண்டிப் போறியளாம், கேள்விப்பட்டனான். தாண்டாதேங்கோ. கேளுங்கோ. கேட்டாப்பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கோ. பதில் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும்.